தடம் தாண்டாதவன்

உங்கள் காவல் நிலையத்து நாற்காலிகள் ஆடாமல் நிற்கின்றன, மேடம். முதலில் அதைப் பாராட்டிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் என் நாற்காலியின் பின்னங்காலுக்கு அடியில் பழைய விண்ணப்பம் ஒன்றை எட்டாக மடித்துச் செருகித்தான் பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். இங்கே பேனாவும் தடங்கலில்லாமல் எழுதுகிறது. வாசலில் இருந்த காவலர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்றார். "அறிக்கையில ஒரு வரி திருத்தணும்" என்றேன். "அதெல்லாம் தபால்ல எழுதிப் போடுங்க சார், இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு" என்றார். நான் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும் நான்கு வெள்ளைத்தாளைக் கொடுத்து இந்த மேஜையைக் காட்டிவிட்டார். இன்றைக்கு எனக்கு இருக்கும் சந்தோஷத்தில் நாற்பது தாள்கூட எழுதுவேன்.

விஷயம் இதுதான். மணல்மேட்டு விபத்தைப் பற்றிய உங்கள் அறிக்கை, நாலாம் பக்கம், மூன்றாவது வரி. 'ஓட்டியவர் குறியிட்ட தடத்தை விட்டு விலகிச் சென்றதால் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் விழுந்து இறந்தார்.' விழுந்தார், சரி. இறந்தார், அதுவும் சரி. விலகிச் சென்றார் என்பது மட்டும் தவறு. அவர் ஓர் அடிகூட விலகவில்லை. இறந்தவன் என் மனைவியின் தம்பி. எல்லோரும் அவனைப் புழுதி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வண்டி போன பிறகு அதுதான் மிஞ்சும். செத்தவன் தலையில் செய்யாத குற்றத்தை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அந்த வரியை அடிக்க வைப்பதற்காகத்தான் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் பொதுநில வாகன அனுமதிப் பிரிவில் பரிசோதகர். ஊருக்கு வெளியே கிடக்கும் மணல்மேடுகள் அரசு நிலம். அதில் மணல் பைக் ஓட்ட யார் வேண்டுமானாலும் வரலாம். தடித்த நான்கு சக்கரமும் பைக் மாதிரிக் கைப்பிடியும் உள்ள வண்டி, பார்த்திருப்பீர்கள். ஆனால் வருகிறவர் என் முன்னால் பதினான்கு விஷயங்களில் தேற வேண்டும். ஜனங்கள் இதைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கோ சொல்லச் சொல்ல இனிக்கிறது. பதிவு எண் வண்டியின் இடதுபக்கம் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். புகைக்குழாய்க்குள் தீப்பொறியைத் தடுக்கும் வலை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பொறி பறந்து காய்ந்த புதர் அத்தனையும் பற்றிக்கொள்ளும். பின்னால் எட்டடி உயரக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி பறக்க வேண்டும், மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு ஆள் தெரியாவிட்டாலும் கொடி தெரியும். சத்தம் தொண்ணூற்றாறு டெசிபலைத் தாண்டக் கூடாது. அதை அளப்பதே ஒரு கலை. புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் மீட்டரைப் பிடிக்க வேண்டும். நான் சட்டைப்பையில் கோணமானி வைத்திருக்கிறேன். எங்கள் பிரிவில் வேறு யாரும் வைத்திருப்பதில்லை.

எல்லாவற்றிலும் பதினான்காவது விதிமேல் எனக்கு உயிர். ஓட்டுகிறவர் கம்பங்களுக்கு நடுவில்தான் போக வேண்டும். இடுப்பளவு உயரக் கம்பம், தலையில் பளபளக்கும் பட்டை, அதற்குக் கீழே அம்புக்குறி. மணல் ஓரிடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. காற்றுக் காலம் முடிந்து போய்ப் பார்த்தால் போன வருடத்து மேடு இருநூறடி நகர்ந்து உட்கார்ந்திருக்கும். அதனால் சட்டம் எழுதியவர்கள் ஒரு வாசகம் சேர்த்தார்கள்: வரைபடமும் கம்பமும் முரண்பட்டால் கம்பமே தடம். என்ன அழகான வாக்கியம் பாருங்கள். அந்தக் கம்பங்களைப் பிடுங்கி நடும் அதிகாரம் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. அந்த ஆள் நான். எந்தக் காலையிலும் எந்தக் கம்பத்தையும் மாற்றலாம், கம்பப் பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும்.

புழுதி இதில் ஒன்றையும் மதிக்காதவன். கொடி கட்டினால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போவது போல இருக்கிறதாம். தலைக்கவசம் முழங்கையில் தொங்கும். ஒற்றை இருக்கை வண்டியில் பின்னால் ஒரு நண்பனை நிற்க வைத்துக்கொண்டு, அவனும் இவனும் கத்திக்கொண்டே போவார்கள். கம்பங்களுக்கு நடுவில் போ என்றால் அவனுக்கு மூச்சு முட்டும். பதினோரு முறை என் கையாலேயே அவனுக்குக் குற்றச்சீட்டு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு, "மாமா, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு, பிரேம் போட்டு மாட்டப்போறேன்" என்பான். மாட்டவும் செய்தான். எங்கள் வீட்டு மாடியில்தான் அவனும் மனைவியும் குடியிருந்தார்கள். படியேறும் சுவரில் பதினொன்றும் வரிசையாகத் தொங்கின. வருகிறவர்களெல்லாம் நின்று நிதானமாகப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

அவன் மேல் எனக்குக் கோபமா என்று கேட்பீர்கள். கிடையவே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொந்தக்காரர்களெல்லாம் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். இவன் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, சரியாக நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் என் வாயருகே பிடித்தான். "உறிஞ்சுற சத்தம் தொண்ணூத்தேழு. ஒண்ணு ஜாஸ்தி சார். வண்டிய ஓரமா நிறுத்திட்டு எறங்குங்க" என்றான், என் குரலிலேயே. என்னைத் தவிர மேஜையைச் சுற்றி ஏழு பேர். ஏழு பேரும் சிரித்தார்கள். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "டேய், போதும்டா, வயிறு வலிக்குது" என்று தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் இருக்கும். நானும் சிரித்தேன். நகைச்சுவை எனக்குப் பிடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவள் அப்படி ஒருதடவைகூடச் சிரித்ததில்லை என்பது உண்மைதான், ஆனால் நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கரண்டியின் சாய்வு சரியாக இருந்தது. அதைத்தான் நான் கவனித்தேன்.

பிறகு ஓர் அதிசயம் நடந்தது. அவன் மனைவி உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம் பிறந்ததும் அவனைக் கூப்பிட்டு, "சட்டப்படி ஓட்டுறதா இருந்தா ஓட்டு. இல்லன்னா வண்டிய வித்துடு. என் பிள்ளைக்கு அப்பா வேணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மறுநாள் நான் கவுன்டரைத் திறந்தால் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "என் நம்பர் வரட்டும் மாமா" என்றான். இதுவும் ஏதோ கேலி என்று நினைத்து அன்று முழுக்கக் காத்திருந்தேன். கேலி வரவில்லை. சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டு போட்டு எழுதினான். நான் பாடம் எடுக்கும்போது பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார், இவன் திரும்பி முறைத்தான். எழுத்துத் தேர்வில் முப்பதுக்கு முப்பது. சுவரிலிருந்து பதினொரு சீட்டையும் கழற்றினான். சாயங்காலங்களில் என் அறைக் கதவைத் தட்டி, "மாமா, அந்த வலைய எத்தனை மணி நேரம் ஓட்டினதும் சுத்தம் பண்ணணும்?" என்று கேட்டான். என் வீட்டில், என்னிடம், ஒரு மனிதன் வந்து இதைக் கேட்கிறான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே முதல் தடம் என்ற வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காற்றுக் காலம் முடிந்ததும் மணல்மேடுகள் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு சுருக்கமில்லாமல் கிடக்கும். பருவம் திறக்கும் நாளன்று, முதல் பரிசோதனையிலேயே பதினான்கிலும் தேறிய ஒருவர், மற்றவர்களுக்கு அரைமணி நேரம் முன்னால் தன்னந்தனியாகப் போய் அதில் முதல் கோட்டைப் போடலாம். மணல் பைக் ஓட்டுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. ஆனால் என் காலத்தில் முதல் பரிசோதனையிலேயே பதினான்கிலும் தேறியவர் ஒருவரும் இல்லை. பன்னிரண்டு வரும், பதின்மூன்று வரும், கடைசியில் சீட்டுக் குலுக்கி யாருக்காவது கொடுத்துவிடுவோம்.

அவன் வண்டியைப் பரிசோதித்த அந்த முக்கால் மணி நேரத்தைப் போல என் வாழ்க்கையில் வேறொன்றும் இல்லை. வலை புத்தம் புதிது. சத்தம் தொண்ணூற்றொன்று, மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் தொண்ணூற்றொன்று. கொடிக்கம்பி எட்டடி, ஓர் அங்குலம் குறையவில்லை. தலைக்கவசத்தின் வாருக்கும் தாடைக்கும் நடுவே சரியாக இரண்டு விரல் நுழைந்தது. கடைசியாகக் கம்பங்களுக்கு நடுவே மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், ஒரு கம்பத்தின் நிழல்கூட அவன் மேல் படவில்லை. பதினான்காவது டிக்கை மையை ஒருமுறை உதறிவிட்டு அழுத்திப் போட்டேன். "மாமா, தேறிட்டேனா?" என்றான். "தேறிட்ட மாப்ள" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். என் மனைவி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "பாத்தீங்களா, என் தம்பி நெனச்சா எதையும் முடிப்பான். இவரு பத்தொம்பது வருஷமா ஒருத்தரையும் தேத்தல, அவனே தேறிட்டான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை, வரிசைப்படி சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் என் அறைக்குப் போய் அவனுடைய பரிசோதனைக் கோப்பை எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கறை கிடையாது. அப்போதுதான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இவனை எனக்குத் தெரியாதா. குழந்தை பிறக்கும், ஒரு மாதம் போகும், கொடியைக் கழற்றுவான். பிறகு தலைக்கவசம் முழங்கைக்குப் போகும். பதினான்கு பதின்மூன்றாகும், பன்னிரண்டாகும், சுவரில் மறுபடி என் கையெழுத்து தொங்கும். இப்படி ஒரு கோப்பைக் கண்ணெதிரே பாழாக விட எந்தப் பரிசோதகருக்கு மனம் வரும். அதைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சுத்தமாக இருக்கும்போதே முடித்துவிடுவது.

முடிவு செய்ததும் மனம் அப்படி லேசாகிவிட்டது, மேடம். திறப்பு நாள் காலை வெளிச்சம் வந்ததும் முதல் ஆளாகப் போய்விட்டேன். நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை ஏழு ஜோடிக் கம்பங்களையும் பிடுங்கி, கிழக்கு மேட்டின் மேல் ஏறும்படி நட்டேன். அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் குவாரி. வேலி போட்டிருந்தார்கள், மணல் அதை எப்போதோ மூடிவிட்டது. கம்பத்துக்குக் கம்பம் முப்பதடி, அம்புக்குறிகள் நூல் பிடித்தது போல நேராக. வேலை முடியும்வரை சீட்டியடித்துக்கொண்டே இருந்தேன், எனக்குச் சீட்டியடிக்க வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. பதிவேட்டில் எழுதினேன்: '41 முதல் 47 வரை இடமாற்றம், காலை 6.10.' காரணம் என்ற இடத்தில் 'மணல் நகர்வு' என்று போட்டிருக்கிறேன். அது ஒன்றுதான் பொய், அதற்காக வருந்துகிறேன். பச்சை அட்டைப் பதிவேடு, எங்கள் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. எங்கள் ஆட்களும் பிரிப்பதில்லை.

உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத மேடுகளுக்குத் தனி விதி உண்டு. உச்சியில் வண்டியை நிறுத்தக் கூடாது, பின்னால் வருகிறவன் மோதிவிடுவான். அங்கே கொடியாள் நின்றால் அவன் காட்டுவதுதான் முடிவு. சிவப்பு என்றால் அடிவாரத்தில் நிற்க வேண்டும், பச்சை என்றால் வேகத்தைக் குறைக்காமல் ஏறித் தாண்ட வேண்டும். நான் இரண்டு கொடியோடும் உச்சியில் நின்றேன்.

ஏழு மணிக்கு வாயிற்கதவைத் திறந்தார்கள். அங்கே கூடியிருந்தவர்கள் போட்ட சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. பிறகு அவன் வண்டிச் சத்தம், ஒழுங்கான தொண்ணூற்றொன்று. சுருக்கமில்லாத மணலில் ஒற்றைக் கோடு போட்டுக்கொண்டு, ஆரஞ்சுக் கொடி ஆட, ஒவ்வொரு ஜோடிக் கம்பத்துக்கும் நட்டநடுவில் வந்துகொண்டிருந்தான். சிவப்பைக் காட்டினேன். அடிவாரத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"மாமா, தடம் இடதுபக்கமால்ல போகும்?"

"மணல் நகர்ந்துடுச்சு மாப்ள."

"அந்தப் பக்கம் குவாரி இருக்கே மாமா?"

"கம்பத்தப் பாரு."

பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பழைய புழுதியாக இருந்தால் "போங்க மாமா" என்று இடதுபக்கம் வெட்டிக்கொண்டு போயிருப்பான், இந்நேரம் மாடியில் உட்கார்ந்து என்னைப் போலப் பேசிக்காட்டிக்கொண்டிருப்பான். ஒரே ஒரு விதியை மீறியிருந்தால் போதும், மேடம், நான் தடுத்திருக்கவே முடியாது. அந்த வாய்ப்பை நான் அவனுக்கு நியாயமாகக் கொடுத்தேன். "சரி மாமா, கம்பந்தான் தடம்" என்று தலைக்கவசத்தின் வாரை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டான். நான் பச்சையைக் காட்டினேன்.

விழுந்த பிறகும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது. பாறைகளுக்கு நடுவே கொடிக்கம்பி வளையாமல் நின்றது, நல்ல தரமான கம்பி. அவன் கீழேயிருந்து கூப்பிட்டான். என்னைத்தான் கூப்பிட்டான். ஆனால் ஏழரைக்கு மற்றவர்களுக்குத் தடத்தைத் திறக்க வேண்டும், அவர்கள் பாதுகாப்பு என் பொறுப்பு. அதனால் முதலில் எல்லாக் கம்பங்களையும் பழைய இடத்தில் நட்டேன். பதிவேட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அதற்குள் கூப்பிடுவது நின்றிருந்தது. பிடுங்கிய குழிகளை மணலே மூடிக்கொண்டது. அவன் சக்கரம் போட்ட கோடு மட்டும் கம்பங்களை விட்டு விலகிக் கிழக்கு மேட்டில் ஏறிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் அந்த வரியை எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அறிக்கையின் நகல் போன வாரம் வீட்டுக்கு வந்தது. என் மனைவி மேஜையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். நாலாம் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "கடைசிவரைக்கும் திருந்தலியே, என் தம்பி. புள்ளத்தாச்சிக்கு வாக்கு குடுத்துட்டு ஏமாத்திட்டானே" என்றாள். மாடியிலிருந்து இறங்கி வந்த அவன் மனைவி அவன் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "அப்படிச் சொல்லாத, அவன் திருந்திட்டான்" என்றேன். "உங்களுக்கென்ன தெரியும்" என்றாள் என் மனைவி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். மற்றபடி வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. நான் விதிகளைப் பற்றிப் பேசினால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. அவள் எதிரே உட்கார்ந்து, கடைசிவரை கேட்கிறாள்.

ஆகவே 'தடத்தை விட்டு விலகி' என்பதை அடித்துவிட்டு 'குறியிட்ட தடத்திலேயே' என்று திருத்திவிடுங்கள். கொன்றது யார் என்ற இடம் காலியாக இருக்கக் கூடாது. நான்தான். பெயரையும் பதவியையும் கீழே தெளிவாக எழுதியிருக்கிறேன். திருத்திய நகல் ஒன்றை மாடி வீட்டு முகவரிக்கு அனுப்பினால் நல்லது, அந்தப் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம், தன் புருஷன் வாக்குத் தவறவில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருப்பாள்.

நேர்மைக்காக இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பச்சையைப் பார்த்து அவன் ஏறி வந்தபோது, உச்சியில் என்னைத் தாண்டும் அந்த ஒரு நொடியில், கைப்பிடியிலிருந்து இடது கையை எடுத்து, முகமெல்லாம் சிரிப்பாக எனக்குக் கையசைத்தான். "தேங்க்ஸ் மாமா" என்று கத்தினான். ஓடும் வண்டியில் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும், ஏழாவது விதி. சட்டப்படி அதை நான் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. என்ன இருந்தாலும் சொந்தக்காரன், அந்த அளவுக்குக்கூட விட்டுக்கொடுக்காவிட்டால் எப்படி.